ஆன்ம விசாரம்: ‘சுய விசாரணை’ அல்ல

தியான வகுப்பு விளம்பரங்களிலும் மொழிபெயர்ப்பு நூல்களிலும் ‘சுய விசாரணை’ என்ற தொடர் ஓயாமல் கண்ணில் படுகிறது. ரமண மகரிஷி காட்டிய ஆன்ம விசாரம் என்ற வழிக்கு இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். திருவண்ணாமலையில் தமிழில் சொல்லப்பட்டதை ‘செல்ஃப் என்கொயரி’ என்று ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மறுபடி தமிழுக்கு இழுத்து வந்ததால் நேர்ந்த பிழை இது.

‘விசாரம்’ வடசொல். ‘சர்’ என்ற வேருக்கு இயங்குதல் என்று பொருள். ‘வி’ முன்னே சேர, ஆராய்தல் என்றாயிற்று. தமிழில் கவலை என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. ‘விசாரப்படாதே’ என்கிறோம்.

‘விசாரணை’ மீது எனக்குக் கோபமில்லை. காவல் நிலையம் நினைவுக்கு வருகிறதென்று அதைத் தள்ளுவோர் உண்டு. ஆனால், மனம் அடங்க விசாரணையைத் தவிர வேறு தகுந்த உபாயம் இல்லை என்று ரமணரின் ‘நான் யார்?’ நூலிலேயே இருக்கிறது. பொருளைக் கெடுப்பது முன்னால் நிற்கும் ‘சுய’. சுயதொழில், சுயசம்பாத்தியம் என்று பழகிய வாசகர், சுய விசாரணை என்றால் தன்னைத் தானே குறுக்குக் கேள்வி கேட்பது, தன் நடத்தையில் சரி தவறு பார்ப்பது என்றே கொள்வார். தேர்தலில் தோற்ற கட்சிகள் செய்வதாகச் சொல்லும் சுயபரிசோதனையும் இதுவும் ஒன்றாகிவிடும். குறைகளை அலசுவதற்கு, அலசுகிற ‘நான்’ ஒன்று வேண்டுமல்லவா? ரமணர் ஆராயச் சொன்னது அந்த ‘நானை’த்தான்.

1901-02இல் விரூபாட்ச குகைக்குக் கேள்விகளோடு வந்த சிவப்பிரகாசம் பிள்ளை தத்துவத்தில் பட்டம் பெற்றவர். மௌனமாக இருந்த ரமணர் எழுதிக் காட்டி விடையளித்தார். அந்த விடைகளே ‘நான் யார்?’ நூலாயின. ‘நான் யார்’ என்பது தத்துவ வகுப்பிலும் கேள்விதான். அங்கே ஒரு கொள்கையை நிறுவினால் விடையாகிவிடும். இங்கே அது பயிற்சி. எண்ணம் எழுந்தால், யாருக்கு எழுந்தது என்று பார்க்க வேண்டும். எனக்கு என்று தோன்றினால், அந்த நான் யார் என்று திரும்ப வேண்டும். ‘நான் யார்’ என்ற நினைவு மற்ற நினைவுகளை அழித்தபின், சிதையைக் கிளறும் பிணம் சுடு தடிபோல் தானும் அழியும் என்கிறார். எப்போதும் மனத்தை ஆத்மாவில் வைத்திருப்பதற்கே ஆத்ம விசாரம் என்று பெயர் என வரையறையும் தந்திருக்கிறார். இதற்குப் பிறகும் புதுப்பெயர் தேடுவானேன்?

தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால் ‘வினவல்’ போதாது. வினா விடையை எதிர்பார்த்து நிற்கும். ரமணரே ‘உபதேச உந்தியார்’ என்ற தம் பாடல் நூலில், நான் என்று எழும் இடம் ஏது என ‘நாட’ச் சொல்லி, அதையே ஞான விசாரம் என்கிறார். நாடுதலில் ஆராய்தலும் உண்டு, நெருங்குதலும் உண்டு. ‘நோய்நாடி நோய்முதல் நாடி’ என்ற குறளில் இருப்பதும் இந்தச் சொல்லே. நாட்டம் என்பதற்குப் பார்வை, கண் என்ற பழம்பொருளும் இருப்பதால், ரமணரின் அடியார் வழக்கிலுள்ள ‘தன்னாட்டம்’ (தன் + நாட்டம்) மிகப் பொருத்தம். தன்னலம் என்று யாராவது மயங்கக்கூடும். சொல் முதலில் வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் தந்தால் அந்த மயக்கம் தீரும்.

இந்தத் துறையில் மொழிபெயர்ப்பாளர்களின் அவசரம் இதோடு நிற்கவில்லை. மைண்ட்ஃபுல்னஸ் என்பதை ‘மனநிறைவு’ என்று எழுதுகிறார்கள். மனநிறைவு என்றால் திருப்தி. பௌத்தர் சொன்னதோ விழிப்போடு கவனித்திருத்தல். அகராதியைப் புரட்டியிருந்தாலே இது தெரிந்திருக்கும். ரமணரை மொழிபெயர்ப்பவருக்கு அந்த வேலைகூட இல்லை. மூலமே தமிழில் இருக்கிறது, அதுவும் சில பக்கங்களில்.