சாக்மூல்: சொல் விளக்கம்

மெக்சிகோவின் சிச்சென் இட்சா, தூலா முதலிய தொல்நகரங்களில் கிடைத்துள்ள ஒருவகைக் கற்சிலைக்குத் தொல்லியலார் வழங்கும் பெயர் சாக்மூல். மல்லாந்த உடலை முழங்கைகளை ஊன்றிப் பாதி நிமிர்த்தி, முழங்கால்களை மடக்கி, வயிற்றின்மேல் ஒரு தட்டையோ கிண்ணத்தையோ இரு கைகளாலும் பற்றியிருக்கும் ஆண் உருவம் அது. தலை மட்டும் பக்கவாட்டில் செங்கோணமாகத் திரும்பியிருக்கும். அந்தக் கலம் படையல் இடுவதற்கானது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

பெயரோ பிற்காலத்தது. 1875இல் சிச்சென் இட்சாவில் இத்தகைய சிலையொன்றை அகழ்ந்தெடுத்த அகஸ்டஸ் லெ பிளாஞ்சன், அதனை அப்பகுதியின் தொல்குடியான மாயா இனத்தின் பழைய அரசன் ஒருவனின் உருவம் எனக் கருதி, ‘இடிபோல் விரையும் பாதம்’ என்று தாம் பொருள்கொண்ட யுகட்டான் மாயா மொழிப் பெயரைச் சூட்டினார். அரசன் கதையை ஆய்வுலகம் கைவிட்டது. பெயர் மட்டும் சற்றே உருமாறி நிலைத்துவிட்டது. மாயா என்னும் இனப்பெயரை நம் சிற்ப மரபின் மயனோடு இணைப்பதற்கும் ஓசை ஒப்புமை தவிர வேறு சான்று இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

இச்சொல் நவீனச் சிற்ப வரலாற்றில் இடம்பெறக் காரணம் ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூர். பாரிஸில் இருந்த, சாக்மூல் சிலையொன்றின் வார்ப்பு நகலைக் கண்டு ஆழ்ந்து ஈர்க்கப்பட்ட அவர், 1929இல் பழுப்பு ஹார்ன்டன் கல்லில் செதுக்கிய, இன்று லீட்ஸ் கலைக்கூடத்தில் உள்ள பெண் உருவத்தில், திரும்பிய தலையையும் கல்லின் கனத்தையும் எடுத்துக்கொண்டார். ஆனால் கலம் நீங்கியது. மல்லாந்த உடல் ஒருக்களித்தது. இருபுறமும் ஒத்திருந்த அமைப்புக் குலைந்து, ஒரு கை தலையருகே உயர்ந்தது. வெறும் போலச்செய்தலாக இதைக் கொள்ளலாகாது. அதே வேளையில், மூலத்தின் பெயரைச் சொல்லாமல் மூரை மட்டும் புகழ்வதும் முறையாகாது.

தமிழில் எப்படிச் சொல்வது? நின்ற, இருந்த, கிடந்த கோலம் என்னும் நம் பகுப்பில் இது முழுமையாக அடங்காது. கிடந்த கோலம் என்றால் பள்ளிகொண்ட பெருமாளே நினைவுக்கு வருவார். பெயராகச் சாக்மூல் என்பதையே வைத்துக்கொண்டு, விளக்கச் சொல்லாகக் ‘கலமேந்திச் சிலை’ என்பதை ஆளலாம் என்பது என் பரிந்துரை. மூரின் சிற்பத்தில் கலம் இல்லாததால் அதற்குச் ‘சாய்ந்த உருவம்’ என்பதே பொருந்தும்.