நகானா: மாட்டின் 'தூக்க நோய்' என்று எழுதலாமா?

ஆப்பிரிக்கக் கால்நடைகளைப் பற்றி எதையாவது தமிழில் எழுத உட்கார்ந்தால், கை தானாக எழுதிவிடும் தொடர் ஒன்று உண்டு: 'மாடுகளுக்கு வரும் தூக்க நோய்'. படிக்கிறவருக்குப் புரிந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் மாடு நின்றபடியே கண்ணயர்ந்து விழுவது போன்ற காட்சிதான் மனதில் எழும். இந்த நோயில் மாடு தூங்கி விழுவதில்லை, நாளுக்கு நாள் மெலிகிறது. அதன் பெயர் நகானா.

டிரிப்பனோசோமா என்னும் ஓரணு உயிரி ரத்தத்தில் பெருகுவதால் மாடு, ஆடு, குதிரை, கழுதை, பன்றி, ஒட்டகம் ஆகியவற்றுக்கு வரும் நோய் இது. சகாராவுக்குத் தெற்கே, ரத்தம் குடித்து இதைப் பரப்பும் ட்செட்சி ஈ வாழும் சுமார் ஒரு கோடி சதுர கிலோமீட்டர் நிலம்தான் இதன் ஊர். அறிகுறிகள் ஒவ்வொன்றாகப் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. காய்ச்சல் விட்டு விட்டு வரும். ரத்தசோகை வரும். தோளுக்கு முன்னால் இருக்கும் நிணநீர்க் கணு வீங்கும். கண்ணில் நீர் வடியும், மயிர் சிலிர்த்து நிற்கும், பால் வற்றும், சினைமாடு கன்று வீசும். மேயத்தான் செய்யும், ஆனால் உடம்பு தேறாது. சில மாடுகள் சில வாரங்களிலும் சில மாடுகள் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டும் சாகும்.

'நகானா' தென்னாப்பிரிக்காவின் ஜூலு மக்கள் வழங்கிய சொல். அதை உலகத்துக்குக் கொண்டு சேர்த்தவர் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ். 1894இல் ஜூலுலாந்தில் மாடுகள் சாவதற்குக் காரணம் கண்டுபிடிக்க அனுப்பப்பட்டு, மனைவி மேரியுடன் உபோம்போ என்ற குன்றில் ஆய்வுக்கூடம் போட்டுக்கொண்டு தங்கினார். சொல்லின் வேர்ப்பொருள் 'சோர்ந்து, மனம் தளர்ந்து கிடப்பது' என்று அவரே தன் அறிக்கையில் எழுதியிருக்கிறார். வலிமையிழந்து போவது என்றும் பிற்காலத்தில் பொருள் சொல்கிறார்கள். எப்படியும் மாட்டின் நிலையைப் பார்த்து வைத்த பெயர் என்பதில் ஐயமில்லை. ஆப்பிரிக்காவில் வேறு இடங்களிலும் இதற்குச் சொந்தப் பெயர் உண்டு. எத்தியோப்பியாவின் ஒரோமோ மக்கள் இந்நோயை காந்தி என்கிறார்கள் (நம் காந்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை), நைஜீரியாவின் ஹவுசா வழக்கில் சம்மோரே. மாடு மேய்க்கிறவர்களிடம் பெயருக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

அந்தக் காலத்தில் ஐரோப்பியர்கள் 'ஈ நோய்' என்று ஒன்றையும் நகானா என்று இன்னொன்றையும் தனித்தனியாக நினைத்திருந்தார்கள். ட்செட்சி ஈ கடித்தால் வருவது முன்னது, காட்டு விலங்குகள் எச்சில்படுத்திய புல்லாலோ நீராலோ வருவது பின்னது என்பது எண்ணம். புரூஸ் குன்றில் இருந்த நல்ல குதிரைகளைக் கீழே ஈ மொய்க்கும் காட்டுக்கு ஓட்டிப்போய், புல் மேயவோ நீர் குடிக்கவோ விடாமல் திரும்பக் கொண்டுவந்தார். அவற்றுக்கும் நோய் வந்தது. அப்புறம் ஈக்களையே பிடித்துக் குன்றுக்கு மேலே கொண்டுவந்து கடிக்க வைத்தார், அப்போதும் வந்தது. இரண்டும் ஒரே நோய் என்று முடிவானது. அதோடு காட்டெருமை, மான் வகைகளின் ரத்தத்தில் இந்த உயிரி நோய் காட்டாமல் தங்கியிருப்பதையும் கண்டார். 1899இல் அதற்கு டிரிப்பனோசோமா புரூசி என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

மனிதத் தூக்க நோய்க்கு இதே இனத்து உயிரி காரணம் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. 1901-02இல் காம்பியாவில் ஒரு நோயாளியின் ரத்தத்தில் பார்த்தார்கள், 1903இல் உகாண்டாவின் என்டெபியில் ட்செட்சி ஈயோடு தொடர்பு உறுதியானது. அங்கும் புரூஸ் இருந்தார். அதாவது மாட்டு நோயிலிருந்துதான் மனித நோய்க்கு வழி கிடைத்தது. நாமோ மனித நோயின் பெயரை எடுத்து மாட்டுக்குச் சூட்டுகிறோம்.

டிரிப்பனோசோமா என்ற பெயர் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. 1843இல் குரூபி என்பவர் தவளை ரத்தத்தில் திருகித் திருகி நகரும் ஓர் உயிரியைக் கண்டு வைத்தது. கிரேக்கத்தில் 'ட்ருபனோன்' என்றால் துளையிடும் கருவி, 'சோமா' என்றால் உடல். நம் தச்சர்கள் கையில் வைத்திருக்கும் துரப்பணமேதான். ஒலியும் ஒட்டி வருகிறதே என்று உடனே கிரேக்கத்துக்குப் பாலம் கட்டிவிட வேண்டாம். துளைத்தல் என்ற பொருளுள்ள 'துர' என்ற நம் வினையடியே அதற்குப் போதும். ஆனாலும் சொல்லாக்குகிறவருக்கு இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை.

மாட்டைப் பிடிக்கும் டிரிப்பனோசோமா இனங்கள் முக்கியமாக மூன்று: காங்கோலென்சே, விவாக்ஸ், புரூசி. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, காயவிடாமல் மேலே மெல்லிய மூடி போட்டு நுண்ணோக்கியில் பார்த்தாலே ஓரளவு பிரித்துவிடலாம். சிவப்பணுக்கள் காரணமில்லாமல் ஓரிடத்தில் அசைந்தால் அங்கே ஒன்று இருக்கிறது. விவாக்ஸ் என்றால் லத்தீனில் உயிர்த்துடிப்புள்ளது. பெயருக்கேற்றபடி பார்வைப் பரப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விருட்டென்று ஓடி மறையும். காங்கோலென்சே சிறியது, மந்தமானது, சிவப்பணுவில் ஒட்டிக்கொண்டு நெளியும். புரூசி இருந்த இடத்திலேயே அலையலையாகத் துடிக்கும். இதில் ஒரு வேடிக்கை: புரூஸ் பெயர் தாங்கிய புரூசி மாட்டை அவ்வளவாக வருத்துவதில்லை, குதிரையையும் நாயையும்தான் கொன்றுபோடும். மாட்டுக்குப் பெரிய எதிரிகள் மற்ற இரண்டும்தான்.

தூக்க நோய் என்று ஏன் சொல்லக்கூடாது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. மனிதனில் அந்த உயிரி கடைசியில் மூளைக்குள் நுழைகிறது. இரவில் விழிப்பும் பகலில் உறக்கமுமாக நாளே தலைகீழாகிறது, பெயர் அதனால் வந்தது. மாட்டில் காங்கோலென்சே ரத்தக் குழாயைத் தாண்டுவதே இல்லை, நுண்குழாய்ச் சுவரைப் பற்றிக்கொண்டு ரத்தத்தோடேயே இருக்கிறது. அது மனிதருக்கு வருவதும் இல்லை. நம் ரத்தத்தில் கொழுப்போடு சேர்ந்து திரியும் ஒரு புரதம் அதையும் விவாக்ஸையும் சாதாரண புரூசியையும் கரைத்துவிடுகிறது. அந்தப் புரதத்துக்குத் தப்பிக்கக் கற்றவை புரூசியின் இரண்டு துணையினங்கள்தான்: கேம்பியென்சே, ரொடீசியென்சே. மனிதத் தூக்க நோய் என்பது இவை இரண்டும் தருவது.

சரி, அப்படியானால் மாட்டுக்கும் தூக்க நோய்க்கும் தொடர்பே இல்லையா? உண்டு. ரொடீசியென்சே மாட்டின் உடம்பில் பெரிய அறிகுறி எதுவும் காட்டாமல் தங்கும். 1998இல் உகாண்டாவின் சொரோட்டி மாவட்டத்தில் தூக்க நோய் புதிதாகப் பரவியபோது, நோயுள்ள பகுதிகளிலிருந்து சந்தைக்கு வந்த மாடுகள்தான் அதைக் கொண்டுவந்தன என்று தெரிந்தது. ஆக, 'தூக்க நோயைச் சுமக்கும் மாடு' என்று எழுதினால் சரி. 'தூக்க நோய் வந்த மாடு' என்று எழுதினால் தவறு.

தடுப்பூசி இல்லை. இந்த உயிரி தன் மேனி முழுக்க ஒரே வகைப் புரதத்தை, ஏறத்தாழ ஒரு கோடி மூலக்கூறுகளை, சட்டையாகப் போர்த்தியிருக்கிறது. மாட்டின் நோயெதிர்ப்பு அதை அடையாளம் கண்டு அடிக்கும்போது, சில உயிரிகள் வேறு சட்டைக்கு மாறியிருக்கும். அவை பெருகும்போது மறுபடி காய்ச்சல். விட்டு விட்டு வருவதன் ரகசியம் இதுதான். மருந்தாக டைமினசீன், ஐசோமெட்டமிடியம் இரண்டையும் பல பத்தாண்டுகளாக ஊசியில் போடுகிறார்கள், பல இடங்களில் மருந்துக்கு அடங்காத வகைகளும் வந்துவிட்டன. மேற்கு ஆப்பிரிக்காவின் என்டாமா என்ற கொம்பு வளைந்த சிறுமாடு போன்ற சில இனங்கள் மட்டும் உயிரி உடம்பில் இருந்தும் ரத்தம் அதிகம் குறையாமல் தாக்குப்பிடிக்கின்றன.

இனி தமிழ்ச் சொல். 'ரத்த ஒட்டுண்ணி நோய்' என்று பொதுவாக எழுதுவது பிழையில்லை, ஆனால் அதே மண்ணில் உண்ணி கடித்து வரும் தைலேரியா, பபேசியா, அனபிளாஸ்மா நோய்களும் அந்தப் பெயருக்குள் அடங்கிவிடும். மாடு வளர்க்கிறவர் காதில் 'ஒட்டுண்ணி' என்பது மாட்டின் காதிலும் மடியிலும் ஒட்டியிருக்கும் உண்ணியாகவே விழும். இங்கே குற்றவாளியைக் கொண்டுவருவது ஈ. 'ட்செட்சி ஈ நோய்' என்றால் ஆப்பிரிக்காவுக்குள் பொருந்தும். ஆனால் விவாக்ஸ் தென் அமெரிக்காவுக்குப் போய், அங்கே ட்செட்சி இல்லாமலே மற்றக் கடிக்கும் ஈக்களின் வாயில் ஏறிப் பரவிக்கொண்டிருக்கிறது. 'துளையுடலி நோய்' வேர்ப்பொருளுக்கு நேரானது என்றாலும் உடலில் துளை விழுந்த பிராணி என்று படிக்க இடம் தருகிறது. என் வாக்கு 'துரப்பணவுயிரி நோய்' என்பதற்கு. கால்நடை மருத்துவர்கள் டிரிப்பனோசோமோசிஸ் என்றும் டிரிப்பனோசோமியாசிஸ் என்றும் இரு விதமாகச் சொல்வதற்கு இந்த ஒன்றே போதும். ஆப்பிரிக்க மாட்டு நோயைத் தனியே குறிக்க நகானா என்றே விட்டுவிடலாம், காலரா போல அதுவும் தமிழில் உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டு மாடு, எருமை, குதிரை, ஒட்டகத்துக்கு வரும் துரப்பணவுயிரி நோயை நகானா என்று எழுதக்கூடாது, அது சர்ரா. இங்கே ட்செட்சி கிடையாது, குதிரை ஈ போன்றவை ஒரு மாட்டைக் கடித்த வாயோடு அடுத்ததைக் கடித்துப் பரப்புகின்றன. பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவான்ஸ் 1880இல் இன்றைய பாகிஸ்தானின் தேரா இஸ்மாயில் கானில், குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் அந்த உயிரியைக் கண்டார், புரூஸ் ஜூலுலாந்துக்குப் போவதற்குப் பதினான்கு ஆண்டு முன்னால். எவான்சி என்ற அந்த இனம் புரூசியிலிருந்தே பிரிந்தது, ட்செட்சிக்குள் வளரும் திறனை இழந்துவிட்டது. அதுவும் மனிதருக்கு வராது என்றுதான் நினைத்திருந்தார்கள். 2004இல் மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில் ஒரு விவசாயிக்கு வந்தது. சோதித்துப் பார்த்தபோது, மற்றவர்களைக் காக்கும் அந்தப் புரதம் அவர் ரத்தத்தில் வேலை செய்யாத வடிவில் இருந்தது. சுராமின் என்ற மருந்தைக் கொடுத்துக் குணமாக்கினார்கள்.