ரிவேர்ப்: எதிரொலி என்பது தவறு, தங்கொலி என்போம்

மின்கிற்றாருக்கு ரிவேர்ப் பெடல் (மண்டபத்துக்குள் ஒலி தங்கித் தேய்வதுபோல் கேட்கவைக்கும், காலால் அமர்த்தும் பெட்டி) வாங்கப் போகிறவர் கடையில் 'ரிவேர்ப்' என்றே கேட்டால் சரியான பெட்டி கைக்கு வரும். தமிழில் கேட்கலாம் என்று 'எதிரொலிப் பெடல்' என்றால் ஒலியைப் பிந்தவைத்துத் திரும்பக் கேட்கவைக்கும் டிலே பெடலை எடுத்து நீட்டுவார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. எதிரொலி என்ற சொல்லின் பொருளை அவர் சரியாகத்தான் விளங்கியிருக்கிறார். ரிவேர்புக்கு அந்தச் சொல்லை ஒட்டிவிட்டவர்கள்தான் விளங்காதவர்கள். அறிவிப்பிலும் மொழிபெயர்த்த கையேட்டிலும் இணைய விற்பனை விளம்பரத்திலும் இந்தப் பிழை சலிக்கச் சலிக்க வருகிறது.

வேர் எளிது. இலத்தீனில் 'வெர்பெராரே' என்றால் அடித்தல், சாட்டையால் விளாசுதல். 'ரெ' சேர்ந்தால் திருப்பி அடித்தல். சுவாலையைக் கூரையில் மோதவிட்டுக் கீழே திருப்பும் உலைக்கும் ஆங்கிலத்தில் இதே அடிச்சொல்தான். பிறகு ஒலிக்கு வந்தது, இசைக்காரர்கள் வாலை வெட்டி 'ரிவேர்ப்' ஆக்கினார்கள். எதிரொலிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'எக்கோ' கிரேக்கச் சொல், அதற்கு வெறும் ஒலி என்றுதான் பொருள்.

இனி வேறுபாடு. நம்மூர்ச் சூட்டில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 350 மீற்றர் போகிறது. திரும்பி வரும் ஒலி தனியாகக் காதில் விழ 0.1 செக்கன் இடைவெளி வேண்டும் என்பது பள்ளிப் பாடம். அதாவது சுவர் 17 மீற்றருக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். அப்படி வருவது எதிரொலி. சுவர்கள் அதைவிடக் கிட்ட நின்று, தரை, கூரை, தூண் என்று நாலா பக்கமும் தெறித்து, ஆயிரக்கணக்கான தெறிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பிரிக்க முடியாமல் கலந்து மெல்லத் தேய்வது ரிவேர்ப். கிற்றாரின் ஆறு தந்திகளையும் உள்ளங்கையால் அமர்த்திக்கொண்டு ஒருமுறை தட்டிப் பாருங்கள். 'டக்… டக்… டக்' என்று விரல்விட்டு எண்ண முடிந்தால் எதிரொலி. 'டக்ஸ்ஸ்ஸ்' என்று இழுபட்டுக் கரைந்தால் ரிவேர்ப். கடையில் பெடலைச் சோதிக்கவும் இதுவே போதும், பாட்டு வாசித்துக் காட்டத் தேவையில்லை.

இந்தக் குழப்பத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கும் பங்கு உண்டு. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் திருவிழா, பூப்புனித நீராட்டு விழா, கலியாணம் எதுவானாலும் மைக்கைப் பிடித்தவர் முதலில் சொல்வது "மனே, எக்கோவக் கொஞ்சம் கூட்டிவிடு" என்பதுதான். மலிவான மிக்சர்களிலும் கராஓகே அம்ப்களிலும் (ஒலியைப் பெருக்கும் பெட்டிகள்) 'எக்கோ' என்ற குமிழுக்குப் பின்னால் பெரும்பாலும் பி.டி. 2399 என்ற சில்லு இருக்கும். அது உண்மையான எதிரொலிச் சில்லு, ஏறத்தாழ 30 முதல் 340 மில்லிசெக்கன் வரை ஒலியைப் பிந்தவைக்கும். ஆக அந்தக் குமிழை எதிரொலி என்பது சரியே. அந்தப் பழக்கத்தில் ரிவேர்பையும் எதிரொலி என்றதுதான் பிழை. இதே சில்லில் மூன்றைச் சேர்த்து, ஒன்றின் ஒலியை மற்றதற்குள் ஊட்டிச் செய்யும் சிறிய ரிவேர்ப் பெட்டகமும் உண்டு. பல பெடல்களின் உள்ளே அதுதான் இருக்கிறது. எண்ணக்கூடிய ஒலிகளை எண்ணமுடியாதபடி நெருக்கினால் ரிவேர்ப் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அப்படியானால் எந்தச் சொல்? தமிழகப் பாடநூல்கள் 'எதிர்முழக்கம்' என்கின்றன. அறிவியலாகப் பார்த்தால் குற்றமில்லை, ஆனால் காதுக்கு ஒவ்வாது. முழக்கம் என்றால் இடி, முரசு, கோஷம். பெடலில் நாம் தேடுவது மெல்லிய வால், சுருதி கரைந்து போகும் அந்தக் கடைசிப் பகுதி. போதாக்குறைக்கு 'எதிர்' மறுபடி வந்து எதிரொலியோடு முட்டுகிறது. பிரிக்க வேண்டிய இரண்டு சொற்களுக்கும் ஒரே முன்னொட்டைக் கொடுத்துவிட்டு மாணவர் குழம்புகிறார் என்று அலுத்துக்கொள்வது என்ன நியாயம்?

'கார்வை' என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க அழகு, பொருள் வேறு. இசையில் கார்வை என்றால் சுரம் நீண்டு நிற்பது. கிற்றார்காரர் 'சஸ்ரெய்ன்' என்பதற்கு அதை விட்டுவைப்போம். சஸ்ரெய்ன் தந்தியில் நிற்பது, ரிவேர்ப் இடத்தில் நிற்பது. 'ரீங்காரம்' வண்டுக்கு உரியது, ஒரே சுருதி. 'அனுரணனம்' எழுதுகிறவருக்கே நாக்குச் சுளுக்கும். தூய தமிழ் என்று 'சிலம்பல்' சொல்வோருக்கு என் அனுதாபம். வாசிப்பவர் காலில் சலங்கையைத் தேடுவார். நமது பௌதிகப் பாடத்தில் உள்ள 'தெறிப்பு' நல்ல சொல், அதிலிருந்து 'தெறிப்பொலி' கட்டலாம்தான். ஆனால் எதிரொலியும் தெறிப்பில்தானே பிறக்கிறது? காரணத்தைச் சொல்கிறது, காதில் விழுவதைச் சொல்லவில்லை. 'பரிவு' என்று எழுதுவோரும் உண்டு. அது ஒத்த அதிர்வெண்ணில் பொருள் தானும் அதிர்வது, இங்கே சம்பந்தமே இல்லை.

என் தேர்வு 'தங்கொலி'. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை: தங்கிய ஒலி, தங்குகின்ற ஒலி, தங்கும் ஒலி. மூலஒலி நின்ற பிறகும் இடத்தில் தங்கியிருப்பது. தொடர்சொற்களும் தடங்கலின்றிப் பிறக்கின்றன. ஒலி 60 டெசிபெல் தேய எடுக்கும் காலத்தைத் 'தங்கொலி நேரம்' என்று விடலாம். அதை 1890களில் ஹார்வர்டின் ஒரு விரிவுரை மண்டபத்தை வைத்து ஆராய்ந்தவர் வாலஸ் சபின். அவர் வாய்பாட்டின்படி மண்டபக் கொள்ளளவை 0.161ஆல் பெருக்கி, உறிஞ்சு பரப்பால் (மண்டபம் ஒலியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதன் அளவு) வகுக்க வேண்டும். 20 மீற்றர் நீளம், 10 அகலம், 5 உயரமுள்ள சீமெந்து மண்டபம் 1000 கனமீற்றர். வெறுமையாக இருக்கையில் உறிஞ்சு பரப்பு 80 சதுரமீற்றர் என்று வைத்தால் தங்கொலி நேரம் 2 செக்கன். 200 பேர் வந்து அமர்ந்தால், ஆளுக்கு 0.45 வீதம் இன்னும் 90 சேரும். நேரம் 1 செக்கனுக்குக் கீழே இறங்கிவிடும். பின்னேரம் வெறும் மண்டபத்தில் குமிழ்களைத் திருத்திவைத்தவர், இரவு ஆட்கள் நிறைந்ததும் ஒலி வறண்டுபோயிற்று என்று முழிப்பது இதனால்தான்.

பெடலைத் தெரிவுசெய்வதற்கும் இந்தத் தங்கொலி நேரம்தான் வழிகாட்டி. உயர்ந்த கூரையுள்ள தேவாலயத்தில் வாசிக்கிறவருக்குக் கட்டடமே தங்கொலி தந்துவிடுகிறது. அதன்மேல் பெரிய மண்டபம்போல் ஒலிக்கும் 'ஹோல்' வகையை 4 செக்கனுக்கு வைத்தால் கோட்கள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டங்கள்) ஒன்றுள் ஒன்று புதைந்துவிடும். சிற்றறைபோல் ஒலிக்கும் 'ரூம்' அல்லது சுருள்வில் ஒலி தரும் 'ஸ்பிறிங்' வகையில் குறுகிய வால் போதும். திறந்த வெளி மேடையில் சுவரே இல்லை. அங்கே 'ஹோல்', உருக்குத் தகட்டின் ஒலி தரும் 'பிளேற்' இரண்டும் எடுபடும். பறங்கியர் வீட்டுக் கொண்டாட்டத்துப் பைலா ஆட்டப்பாட்டுக்கு நீண்ட வால் ஆகாது. நிமிடத்துக்கு 120 தாள அடி என்றால் ஓரடி அரைச் செக்கன். 2 செக்கன் வால் நாலு அடியை மூடும்.

பெடல்களை இணைக்கும் வரிசையில்தான் அதிகம் பிழைவிடுகிறார்கள். முதலில் ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ், பிறகு டிலே, கடைசியில் ரிவேர்ப். ரிவேர்பை முன்னால் வைத்தால் ஓவர்டிரைவ் தேயும் வாலை மேலே தூக்கி மூலஒலிக்குச் சமமாக்கும், எல்லாம் சேறாகும். அம்பே தரும் கரகரப்பை (டிஸ்ரோஷன்) பாவிக்கிறவர் பெடலை அம்பின் பின்புற 'சென்ட்–ரிட்டேர்ன்' துளைகளுக்கு இடையில் போட வேண்டும். அணைக்கும்போது வால் தானாகத் தேய வேண்டுமா, சட்டென அறுபட வேண்டுமா என்பதையும் வாங்குமுன் பாருங்கள். அணைத்ததும் ஒலியை உள்ளே எடுக்காமல் நேரே கடத்திவிடும் முழு பைபாஸ் பெடல்களில் பெரும்பாலும் அறுந்துவிடும். ஒற்றைப் பெட்டி அம்புக்கு ஸ்ரீரியோ பெடல் வீண்செலவு. மின்சாரம் அநேகமாக 9 வோல்ற்று, நடுமுனை மறை (−). கீபோர்டின் அடப்டர் பல 12 வோல்ற்று, நடுமுனை நேர் (+). முனை பொருந்துகிறதே என்று செருகினால் பெடல் போய்விடலாம். டிஜிட்டல் ரிவேர்ப் 100 முதல் 300 மில்லிஅம்பியர் வரை இழுக்கும். ஒரே அடப்டரில் ஐந்தாறு பெடலைக் கொழுவினால் கீச்சொலி வரலாம்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு வருவோம். விற்பனைப் பக்கங்களில் 'ஸ்பிறிங்' வசந்தமாகி இருக்கிறது. அது சுருள்வில்; 1930களில் ஹமொண்ட் ஓர்கனுக்காக வந்து, 1963இல் பெண்டர் நிறுவனத்தின் கிற்றார் அம்புக்குள்ளேயே குடியேறியது. அம்பைக் காலால் தட்டினால் உள்ளே இடி இடிக்கும், எந்த வசந்தமும் அப்படி இடிக்காது. 'பிளேற்' சோற்றுத் தட்டாகிவிட்டது. அது 1957இல் ஜேர்மனியின் ஈ.எம்.டி. நிறுவனம் செய்த, ஆளுயரத்தைத் தாண்டிய உருக்குத் தகடு. 'டிகே' என்ற குமிழுக்கு அழுகல் என்று போட்டிருந்தார்கள், தேய்வு என்றால் போதும். 'டிரை', 'வெற்' இரண்டையும் உலர், ஈரம் ஆக்காமல் நேரொலி, தங்கொலி என்று எழுதினால் குமிழ் எந்தப் பக்கம் திரும்பினால் என்ன கூடும் என்பது வாசித்தவுடன் தெரியும். கலைச்சொல்லாக்கத்தில் முன்நின்ற விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு அம்பாறையில்தான் இருக்கிறது. அகராதியின் முதல் வரியை அப்படியே எடுத்து ஒட்டுவதைச் சொல்லாக்கம் என்று இங்கேயாவது சொல்லாமல் இருக்கலாம். பெடலை மட்டும் பெடலாகவே விடுங்கள். 'மிதி' என்றால் சைக்கிள் கடைக்குத்தான் அனுப்புவார்கள்.