ஜாக்சன் ஹைட்ஸில் புதுப்பித்த கோ-ஆப் வீடு: டைல்ஸைப் பார்க்கும் முன் ஃபைலைப் பாருங்கள்

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், ஜாக்சன் ஹைட்ஸ் பக்கம் வீடு தேடுகிறவர்கள் எனக்கு அனுப்பும் விளம்பரங்களில் படங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். வெள்ளை கேபினெட், குவார்ட்ஸ் மேடை, நடுச்சுவரை எடுத்துவிட்டு ஹாலோடு சேர்த்த சமையலறை. கீழே, ‘முழுக்கப் புதுப்பித்தது, அப்படியே குடியேறலாம்’ என்று ஒரு வரி. மன்ஹாட்டனை நினைத்தால் விலையும் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கும். 74-ஆம் தெருவில் கறிவேப்பிலை கிடைக்கும், நாலு எட்டு வைத்தால் நேபாள மோமோ, அப்புறம் கொலம்பியர்களின் ரொட்டிக்கடை. 7, ஈ, எஃப் என்று ரயில்களும் அங்கேயே. ஆசை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் கோ-ஆப் எனப்படும் கூட்டுறவுக் குடியிருப்பில் நீங்கள் வாங்குவது வீட்டை அல்ல. கட்டடம் முழுவதும் ஒரு கார்ப்பரேஷனுக்கு, அதாவது ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். நீங்கள் அதன் ஷேர்களை வாங்குகிறீர்கள். அந்த ஷேர்களுக்கு உரிய வீட்டில் குடியிருக்க ‘புரொப்ரைட்டரி லீஸ்’ என்ற நீண்டகாலக் குத்தகை கிடைக்கிறது. சென்னையில் ஃப்ளாட் வாங்கிப் பழகியவர்கள் யூ.டி.எஸ். (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு என்று கேட்பார்கள். அப்படி ஒன்று இங்கே கிடையாது. ஜாக்சன் ஹைட்ஸுக்கு இந்த முறை பழையது. குயின்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற கட்டுமான நிறுவனம், நடுவில் தோட்டம் வைத்துக் கட்டிய குடியிருப்புகளை 1920-ஐ ஒட்டியே கோ-ஆப்பாக விற்கத் தொடங்கிவிட்டது. அன்றைக்கு யூதர்களையும் கறுப்பினத்தவரையும் உள்ளே விடவில்லை. இன்று அதே கட்டடங்களின் லிஃப்ட்டில் வங்காளமும் ஸ்பானிஷும் திபெத்திய மொழியும் கேட்கின்றன.

சொந்தம் கார்ப்பரேஷனுக்கு என்பதால், சுவருக்குள் ஓடும் குழாயும் பொதுவாக அதற்கே சொந்தம். சிங்க்கை இடம் மாற்றவோ, காஸ் லைனை இழுக்கவோ, சுவரை இடிக்கவோ போர்டோடு, அதாவது கோ-ஆப்பின் நிர்வாகக் குழுவோடு, ‘ஆல்டரேஷன் அக்ரிமென்ட்’ என்ற மாற்றப் பணி ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும். இதுபோன்ற வேலைகளுக்கு நகரக் கட்டடத் துறையின் பெர்மிட்டும் வேண்டும். பகுதியின் மையத்தில் இருப்பது 1993-இல் அறிவிக்கப்பட்ட ‘வரலாற்று மாவட்டம்’, அதாவது பழமை காக்கப்படும் வட்டாரம். அங்கே ஜன்னல் மாற்றுவதற்குக்கூட பாரம்பரியக் கட்டடங்களைக் கவனிக்கும் லேண்ட்மார்க்ஸ் ஆணையத்தின் அனுமதி தேவை. என் வீடு, என் காசு என்ற வாதம் எடுபடாது. மன்ஹாட்டனில் ஒன் ஃபிஃப்த் அவென்யூ கட்டடத்தில், சமையலறையைப் பெரிதாக்க நீராவிக் குழாயை நகர்த்திய ஒருவரின் வழக்கு மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போனது. 1990-இல் தீர்ப்பு போர்டு பக்கம்தான் வந்தது.

சமீபத்தில் வக்கீலாக நான் பார்த்த ஒரு கோப்பு. வாங்கிப் புதுப்பித்து உடனே விற்கும் ஒருவரின் இரண்டு படுக்கையறை வீடு. பழைய பிளானில் சிங்க் ஜன்னலோரம். இப்போது அது நடுமேடையில் இருக்கிறது. கட்டடத் துறையின் இணையதளத்தில் முகவரியைத் தட்டிப் பார்த்தால், புதுப்பித்த காலத்தில் அந்த வீட்டுக்குப் பிளம்பிங் பெர்மிட் எதுவும் இல்லை. மேனேஜ்மென்ட் அலுவலகத்தில் போர்டு மினிட்ஸை, அதாவது கூட்டக் குறிப்புகளைப் புரட்டினோம். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் என்று ஒரு வரி, அடுத்த கூட்டத்தில் மறுபடியும் ஈரம், அதற்கடுத்த கூட்டத்தில் ‘மேல்வீட்டு ஷேர்ஹோல்டருக்குக் கடிதம் அனுப்பப்பட்டது’. கேட்டதும் விற்பவர் விலையைக் குறைக்க முன்வந்தார். என் கட்சிக்காரர் விலகிக்கொண்டார். சரியான முடிவு என்பேன். லீஸை ஏற்கும்போது அந்த வீட்டில் முன்பு செய்த மாற்றங்களுக்கான பொறுப்பும் வழக்கமாக வாங்குபவர் தலையில்தான் விழும். நாளைக்குச் சுவரைத் திற என்று போர்டு சொன்னால் செலவு அவருடையது.

இந்த மாநிலத்தில் தனி வீடு விற்பவர் குறைகளை எழுதித் தரும் படிவம் ஒன்று உண்டு. அது கோ-ஆப்புக்குப் பொருந்தாது. ஆகவே தோண்டிப் பார்ப்பது நம் வேலை, அதுவும் கையெழுத்துக்கு முன்னால். ‘ஆஃபர் அக்செப்டட்’ என்று புரோக்கர் சொன்னதும் இனிப்பு வாங்கிவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திடும் வரை யாருக்கும் கட்டுப்பாடு இல்லை. அந்த இடைவெளியில்தான் மினிட்ஸ், இரண்டு வருட ஆடிட் கணக்கு, ஆல்டரேஷன் காகிதங்கள் எல்லாம் வாங்கிப் படிக்க வேண்டும்.

கணக்கில் நான் முதலில் தேடுவது கட்டடத்தின் மேலேயே இருக்கும் கடனை. அதை எப்போது புதுப்பிக்க வேண்டும்? வட்டி ஏறினால் உங்கள் மாத மெயின்டனன்ஸ் ஏறும். கையிருப்பு நிதி எவ்வளவு? 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 2024 முதல் கார்பன் வெளியேற்ற வரம்பு வந்துவிட்டது, 2030-இல் அது இன்னும் இறுகும். எண்ணெய் பாய்லர் ஓடும் கட்டடமானால் செலவு காத்திருக்கிறது. கட்டடத்தில் காஸ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கசிவு கண்டு காஸை நிறுத்தினால், திரும்ப வர மாதக் கணக்கில் ஆவதுண்டு. அதுவரை சாம்பார் மின் அடுப்பில்தான். வாஷிங் மெஷினுக்கு அனுமதி உண்டா என்பதையும் மறக்க வேண்டாம், பல பழைய கட்டடங்களில் கிடையாது.

கடைசியில் போர்டு நேர்காணல். குளோசிங் (பணம் கொடுத்து வீடு கைமாறும் நாள்) முடிந்த பிறகு கையில் எவ்வளவு ரொக்கம் மிஞ்சும் என்று பார்ப்பார்கள்; கோயம்புத்தூரில் உள்ள மனையை யாரும் ரொக்கமாக எண்ண மாட்டார்கள். அப்பா அனுப்பிய பணம் என்றால் அன்பளிப்புக் கடிதமும் வங்கித் தடமும் தயாராக இருக்கட்டும். காரணம் சொல்லாமலே மறுக்க போர்டுக்கு உரிமை உண்டு. இனம், மதம், பிறந்த நாடு பார்த்து மறுக்க உரிமை இல்லை. மறுத்தால், நீங்கள் கட்டிய பத்து சதவீத முன்பணம் வழக்கமாகத் திரும்பி வரும். விண்ணப்பத்தில் பொய் எழுதியதால் மறுத்தார்கள் என்றால் அந்தப் பணத்துக்கு விற்பவர் உரிமை கோரலாம்.