மந்திரிச்சு விட்ட கோழி

"மந்திரிச்சு விட்ட கோழியாட்ட நிக்கறான்னு சொல்றமுங்களே, கோழியை நெசமாவே மந்திரிக்க முடியுங்களா? மெஸ்மரிசம்ங்கறதும் அதேதானுங்களா?" பல்லடம் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதலில் கோழி. அதைத் தரையோடு அழுத்திப் பிடித்து, அலகு முனையிலிருந்து மண்ணில் ஒரு கோடு இழுத்துவிட்டுக் கையை எடுத்தால் எழாது. சில நொடியோ சில நிமிடமோ அப்படியே கிடக்கும். கிர்ச்சர் என்ற ஜெர்மன் பாதிரியார் 1646லேயே இதை எழுதிவைத்தார். கோடுகூட வேண்டாம், அழுத்திப் பிடித்தாலே போதும். நரி வாயில் சிக்கினாற்போல் கோழிக்குப் பயம். அசையாமல் கிடந்தால் பிடி தளரலாம், தப்பிக்கலாம். (பண்ணையில் செய்து பார்க்காதீர்கள், பாவம்.)

மெஸ்மரிசம் வேறு. ஃபிரான்ஸ் அன்டன் மெஸ்மர் (1734–1815) வியன்னாவில் மருத்துவம் படித்தவர். உடம்பில் ஒரு காந்த ஓட்டம் பாய்கிறது, அதைச் சீராக்கினால் நோய் தீரும் என்றார். பாரிசில் அவரிடம் போனவர்களில் பலருக்கு வலிப்பு வந்தாற்போல் கைகால் இழுத்துக்கொண்டது. ஆளைச் சொக்கவைப்பதற்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே வினைச்சொல் ஆகிவிட்டது.

இது நெசமா என்று பார்க்க, 1784இல் பிரான்சின் பதினாறாம் லூயி மன்னர் விசாரணைக் குழு போட்டார். வேதியியல் மேதை லவாய்சியே, அமெரிக்காவின் தூதராகப் பாரிசில் இருந்த விஞ்ஞானி பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எல்லாம் அதில் உண்டு. மெஸ்மர் வரவில்லை; சீடர் தெலோன் வந்தார். ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஓர் ஆப்ரிகாட் மரத்துக்குக் காந்தம் ஏற்றினார். பிறகு 12 வயதுப் பையனைக் கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து, காந்தம் ஏற்றாத மரங்களை ஒவ்வொன்றாக இரண்டு நிமிடம் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். முதல் மரத்தில் வியர்த்தது, இருமினான். அடுத்ததில் தலை கிறுகிறுத்தது. நாலாவது மரத்தில் மயங்கியே விழுந்தான். 'காந்த' மரமோ 24 அடி தள்ளி நின்றது!

எல்லா மரத்திலும் இயற்கையாகவே கொஞ்சம் காந்தம் இருக்கும் என்றார் தெலோன். அப்படியானால் இந்த மாதிரிப் பிள்ளைகள் தோட்டத்துப் பக்கமே போக முடியாதே என்று குழு திருப்பிக் கேட்டது. அந்த அறிக்கையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். கோடி ரூபாய்க் கருவி எதுவும் இல்லை. கண்ணைக் கட்ட ஒரு துணி, அவ்வளவுதான். தாயத்து விற்பவர்கள் யாரும் இப்படியொரு சோதனைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அம்மிச்சி எனக்கு மந்திரித்த கயிறு கட்டுவார். ஒருநாள் ராத்திரி கயிறு அகப்படாமல், தையல் பெட்டியில் கிடந்த கறுப்பு நூலை முறுக்கிக் கட்டிவிட்டாராம். அன்றைக்கும் அழுகையை நிறுத்தித் தூங்கிவிட்டேனாம்.