குடியகல்வு, குடிவரவு: ஒரு பயணத்துக்கு இரண்டு பெயர்

மைகிரேஷன் என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே மிக்ராரே என்றால் இடம் மாறுதல். வெளியே போனால் எமிகிரேஷன், உள்ளே வந்தால் இமிகிரேஷன். தமிழில் எழுதிப் பாருங்கள், முதலெழுத்து மட்டும்தான் வேறு. காதில் இரண்டும் ஒன்றாகவே விழும்.

நமக்கு அந்தக் குழப்பமே வேண்டாம். இலங்கையில் குடியகல்வு, குடிவரவு என்ற இரண்டும் அரசுத் திணைக்களத்தின் பெயரிலேயே இருக்கின்றன. பொதுச்சொல்லாகப் புலம்பெயர்வு உண்டு. புலம் என்றால் இடம், பெயர்தல் என்றால் நகர்தல். 'புலம்பெயர் மாக்கள் கலந்து இனிது உறையும்' பட்டினத்தைப் பட்டினப்பாலை பாடுகிறது. அருமையான சொல்தான். ஆனால் எல்லா இடத்திலும் அதையே போட்டால் எந்த நாட்டின் கணக்கைப் பேசுகிறோம் என்பது மறைந்துவிடுகிறது. எனக்கு அதுதான் வருத்தம்.

ஒரு செவிலியர் வெளிநாடு போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைப் படிக்கவைத்த நாட்டில் ஒரு வார்டில் இரவுப்பணிக்கு ஆள் குறைகிறது. முதியோர் பெருகிய இன்னொரு நாட்டுக்கு, பயிற்சிக்குச் செலவழிக்காமலே தேர்ந்த கை கிடைக்கிறது. பழந்தமிழில் செலவு என்றால் பயணம் என்றும் பொருள். போவது செலவு, வருவது வரவு. சொல்லிலேயே கணக்கு இருக்கிறது!

சரி, கணக்கு அதோடு முடிகிறதா? இல்லை. அவர் மாதாமாதம் வீட்டுக்கு அனுப்புவது பணவனுப்பல், அதாவது ரெமிட்டன்ஸ். உலக வங்கியின் மதிப்பீட்டில் 2023இல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளுக்கு இப்படிப் போனது சுமார் 65,000 கோடி டாலர். அந்நாடுகளுக்கு வந்த அந்நிய நேரடி முதலீட்டைவிட இது அதிகம். அதுவும் நேராகக் குடும்பத்தின் கைக்குப் போகும் பணம், பள்ளிக் கட்டணமாகவும் மருந்தாகவும் மாறுகிற பணம். அப்படியும் காலியான அந்த இரவுப்பணியை அது நிரப்பாது. குடியேறிய நாட்டிலும் வரியும் உழைப்பும் கூடும்போதே வாடகை வீட்டுக்கும் பள்ளி இடத்துக்கும் நெருக்கடி வரலாம்.

அப்புறம் வலசை. இன்று பெரும்பாலும் பறவைகளுக்கும் விலங்குகளுக்குமே சொல்கிறோம். பழைய அகராதியில், பகைவர் படைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடும் மக்களுக்கான சொல் அது. பருவத்துக்குப் போய்த் திரும்பும் தொழிலாளரின் பயணத்துக்கு இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.