"ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்றால் எது வரைக்கும்?

ஏப்ரல், மே வந்துவிட்டால் சென்னையில் என்னைப் போன்ற இன்சூரன்ஸ் ஆலோசகர்களுக்குப் போன் ஓயாது. துபாய், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து என்று குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இப்போதெல்லாம் அங்கே கார் வாடகைக்கு எடுத்துத் தாங்களே ஓட்டுகிறார்கள், நல்லதுதான். ஆனால் மருத்துவச் செலவுக்கு எவ்வளவு கவர், பெட்டி தொலைந்தால் எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்பவர்கள், காரைப் பற்றிக் கேட்டால் மட்டும் "அது வாடகையிலேயே ஃபுல் இன்சூரன்ஸ் சேர்ந்திருக்கு சார்" என்று முடித்துவிடுவார்கள்.

சேர்ந்திருப்பது உண்மைதான். எது வரைக்கும் என்பதுதான் கேள்வி.

நமக்குப் பழகிய கணக்கு வேறு. இங்கே பம்பர் டு பம்பர் பாலிசி இருந்தால், கிண்டி சிக்னலில் யாராவது இடித்தாலும் வண்டியை சர்வீஸ் சென்டரில் விட்டு கிளைம் போடுகிறோம், கட்டாயமாக நம் கையிலிருந்து போவது 1500 சிசி வரை உள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய், அப்புறம் சில்லறைச் செலவுகள். வாடகைக் காரில் இந்தத் தொகைக்குப் பெயர் எக்ஸஸ். ஐரோப்பாவில் ஒரு சாதாரண ஹேட்ச்பேக்குக்கே அது 1,000 யூரோ, 2,000 யூரோ என்று இருக்கும். வேன், எஸ்யூவி என்றால் இன்னும் மேலே. பார்க்கிங்கில் தூணில் உரசிக் கதவு நசுங்கினால் அந்த மொத்தச் செலவும் பெரும்பாலும் உங்கள் எக்ஸஸுக்குள்ளேயே அடங்கிவிடும், அதாவது 'ஃபுல் இன்சூரன்ஸ்' ஒரு பைசா தராது.

வாடகையோடு வரும் சிடிடபிள்யூ என்பது, எக்ஸஸுக்கு மேல் ஆகும் சேதத்தை உங்களிடம் கேட்க மாட்டோம் என்று கார் கம்பெனி ஒப்பந்தத்தில் தரும் சலுகை, அவ்வளவுதான். ஒப்பந்தத்தை நீங்கள் மீறினால் சலுகையும் போச்சு, முழுக் காரின் விலையும் உங்கள் தலையில். மது குடித்துவிட்டு ஓட்டுவதைச் சொல்ல வேண்டியதில்லை. நம்மவர்கள் மாட்டுவது வேறு இடத்தில்: கணவர் பெயரில் கார், அவருக்குத் தூக்கம் வருகிறதென்று மனைவி ஒரு மணி நேரம் ஓட்டுவார், அவர் பெயர் கூடுதல் டிரைவராக ஒப்பந்தத்தில் இருக்காது. இன்னொன்று, அனுமதி வாங்காமல் நாட்டு எல்லையைத் தாண்டுவது, மண் சாலையில் இறக்குவது. துபாயில் சின்னக் கீறலாக இருந்தாலும் போலீஸ் ரிப்போர்ட் வேண்டும், அது இல்லாமல் அங்கே மெக்கானிக் கை வைக்க மாட்டார், கவரும் கிடைக்காது. ஆர்டிஓவில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு ஆயுள் ஒரு வருடம்தான், போன தடவை வாங்கியதை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள், நம் அசல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் டயர், வீல் ரிம், முன் கண்ணாடி, காரின் அடிப்பாகம், கூரை ஆகியவை பெரும்பாலும் அடிப்படைக் கவரில் வராது. டீசல் காருக்குப் பெட்ரோல் போட்டால், சாவி தொலைந்தால், வராது. ஐஸ்லாந்தில் காற்று அடித்துக் கதவு பிய்ந்துபோவது சகஜம், அதற்கும் பெரும்பாலும் வராது. கார் வொர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களுக்கு வாடகை நஷ்டம் என்று தனியாக ஒரு பில் போடுகிற கம்பெனிகளும் உண்டு.

இதெல்லாம் வலிக்கும், ஆனால் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது இன்னொன்று: நீங்கள் இடித்து அடுத்தவருக்கு ஆகும் சேதம். இதில் நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பிரிட்டனில் சட்டப்படி தேர்ட் பார்ட்டி காயத்துக்கு உச்சவரம்பே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விபத்துக்குக் குறைந்தது 64.5 லட்சம் யூரோ, அதுவும் வாடகையிலேயே அடங்கியது. அமெரிக்காவில் மாநிலம் கேட்கும் குறைந்தபட்சத் தொகையைப் பாருங்கள், கலிபோர்னியாவில் 2025 ஜனவரியில் உயர்த்திய பிறகும் ஒருவரின் காயத்துக்கு 30,000 டாலர்தான். அந்த ஊரில் எலும்பு முறிந்து ஒரு ஆபரேஷன் செய்துகொண்டால் அது போதாது, மீதிக்கு உங்கள் மேல் வழக்கு வரும். அமெரிக்காவில் வசிப்பவருக்குச் சொந்தக் கார் பாலிசி கைகொடுக்கும், டூரிஸ்ட்டுக்கு அது இல்லை. நாம் இங்கிருந்து எடுத்துப் போகும் டிராவல் பாலிசியில் 'பர்சனல் லயபிலிட்டி' என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள், வண்டி ஓட்டியதால் வரும் பொறுப்பு அதில் விலக்கு, வாசித்துப் பாருங்கள். அதனால் அமெரிக்கா என்றால் எஸ்எல்ஐ என்கிற கூடுதல் லயபிலிட்டி கவரைப் பேரம் பேசாமல் எடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

"பையன் அங்கதான் இருக்கான், அவன் கிரெடிட் கார்டுலயே கவர் இருக்காம்" என்பார்கள். இருக்கலாம். ஆனால் ஒப்பந்தம் அவன் பெயரில் இருந்து, வாடகை முழுதும் அந்தக் கார்டில் கட்டி, கம்பெனி தரும் கவரை வேண்டாம் என்று சொல்லியிருந்தால்தான் பொதுவாக அது செல்லும். அது பெரும்பாலும் வாடகைக் காரின் சேதத்துக்கு மட்டும், எதிரே வந்தவருக்கு இல்லை. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: அமெரிக்காவில் வசிப்பவராகப் பதிவு செய்தால் வரும் மலிவான ரேட்டில் பெரும்பாலும் எந்தக் கவரும் இருக்காது, இந்தியாவில் வசிப்பவர் என்று பதிவு செய்தால் பல கம்பெனிகளில் காரின் சேதம், அடுத்தவருக்கு ஆகும் சேதம் என இரண்டுக்கும் கவர் சேர்ந்தே வரும். நீங்கள் ஓட்டப் போகிறீர்கள் என்றால் உங்கள் பெயரில், உங்கள் நாட்டைச் சொல்லியே பதிவு செய்யுங்கள்.

எக்ஸஸ் விஷயத்துக்கு வருகிறேன். கவுன்டரில் நிற்கும்போது, விமானத்தில் தூங்காத கண்ணோடு, பிள்ளை அழ, பின்னால் வரிசை நிற்க, எக்ஸஸையே இல்லாமல் செய்யும் சூப்பர் கவர் ஒரு நாளைக்கு இவ்வளவு என்பார்கள், வாடகையை விட அதுவே அதிகமாக இருக்கும் சில நாளில். எக்ஸஸுக்கு மட்டும் தனி பாலிசி முன்கூட்டியே வாங்கினால் விலை குறைவு, நம் ஊர் டிராவல் பாலிசிகள் சிலவற்றிலும் அது உண்டு. வெளிநாட்டுத் தளங்களில் வாங்குவதானால் இந்தியாவில் வசிப்பவருக்குத் தருகிறார்களா என்று பாருங்கள், பலது அந்தந்த நாட்டுக்காரர்களுக்கு மட்டும். தனி பாலிசி இருந்தாலும், சேதமானால் கார் கம்பெனி எக்ஸஸை முதலில் உங்கள் கார்டில் பிடித்துக்கொள்ளும், ஊருக்கு வந்து பில்லைக் காட்டி பாலிசியிலிருந்து நீங்கள் மீட்க வேண்டும். ஆகவே எக்ஸஸ் தொகையைத் தாங்கும் லிமிட்டோடு, வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்துவைத்த, ஓட்டுபவர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டு ஒன்று வேண்டும். ஃபாரெக்ஸ் கார்டைப் பல இடங்களில் டெபாசிட்டுக்கு ஏற்க மாட்டார்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது ஆள் இருந்தால் காரைச் சுற்றிப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ராத்திரி விமானம், ஆபீஸ் பூட்டியிருக்கிறது, சாவியைப் பெட்டியில் போட வேண்டும் என்றால், மறுநாள் அவர்கள் வந்து பார்க்கும் வரை பொறுப்பு உங்களுடையதாகவே இருக்கும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். நான்கு பக்கமும், ரிம், கண்ணாடி, ஓடிய கிலோமீட்டர், பெட்ரோல் முள் எல்லாம் தெரிய வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று மாதம் கார்டு ஸ்டேட்மென்டைக் கவனித்த பிறகு அழியுங்கள்.